முத்திரை ஆய்வாளரின் திங்கட்கிழமை

ஏழேமுக்கால் வண்டியில் வந்து இறங்கினேன்,
காலையில் ஒன்றும் சாப்பிடாமல்.
பையில் வெல்வெட் குழிகளுக்குள் படுத்திருக்கும்
பித்தளை எடைக்கற்கள்,
ஈய முத்திரை, குறடு,
மூன்று பிரதி எடுக்கும் ஓர் ஏடு.
சந்தை நாள். காரைக்குடி முழுக்கக்
காய்ந்துகொண்டிருந்தது கடலை எண்ணெய்.

சோதிக்கப் போன கடையில்
தண்ணீர்கூட வாங்கிக் குடிப்பதில்லை.
சட்டத்தில் தண்ணீரைப் பற்றி ஒன்றுமில்லை.
இது நானே போட்டுக்கொண்டது.

தேனப்பன் கடைக் கந்தரப்பப் பெட்டியில்
இருநூற்றைம்பது கிராம் என்று அச்சு.
என் தட்டில் இருநூற்று நாற்பத்தொன்று.
"ஆறினா எண்ணெ இறங்கிரும் மேடம்,
சுடச்சுட நிறுத்துப் பாருங்க."
உளுந்தும் வெல்லமும் தேங்காயும் சேர்ந்து சிவக்கிற அந்த மணத்தில்
எதைச் சொன்னாலும் உண்மை மாதிரி இருந்தது.
ஒன்பது கிராமை எழுதிக்கொண்டேன்.

நான் பாம்பன்காரி.
எங்கள் பக்கம் மீனோடு ஐஸையும் நிறுப்பார்கள்.
வீடு போய்ச் சேருமுன்
பாதி எடை சொட்டிப் போகும் என்று
தெரிந்தே கூடை தூக்கியவள்.

கொப்புடையம்மன் கோயில் பின்சந்தில்
சிகப்பியின் கூடம். ஒன்பது பெண்கள்.
மரச்சீப்பின் பல்லில் மாவை அழுத்தி
விரலில் சுற்றி ஒட்டினால் ஒரு சீப்புச் சீடை.
வரிவரியாய், உள்ளே ஒன்றுமில்லாமல்,
காற்றைச் சுருட்டிப் பொரித்தது போல.
ஒருத்தி போனில் மருமகனைத் திட்டிக்கொண்டிருந்தாள்;
கை அந்தச் சண்டைக்குப் போகவேயில்லை.

கிலோ என்று கட்டிய தேன்குழல் பை
ஆயிரத்து முப்பது காட்டியது.
"கூட இருக்கே" என்றேன்.
"பினாங்கு போறதும்மா, பிளேன்ல நொறுங்கும்ல.
நொறுங்கினதுக்கும் சேத்துத்தான்" என்றாள் சிகப்பி.
குறைவுக்கு என் ஏட்டில் ஒரு பத்தி உண்டு.
கூடினால் எங்கே எழுதுவது?
ஓரத்தில் பென்சிலால் முப்பது என்று போட்டேன்.
வாசலுக்கு வந்து அழித்தேன்.

பகல் ஒன்றரைக்கு மனகோலம்.
அண்டாவில் வெல்லப்பாகை ஊற்றிக் குலுக்கினார்கள்.
தேங்காய்ப் பல்லும் பொட்டுக்கடலையும்
சரசரவென்று புரண்டதில்
என் வயிறு எழுப்பிய சத்தம்
யாருக்கும் கேட்டிருக்காது.
முத்திரையை மட்டும்
இரண்டு முறை அழுத்த வேண்டியிருந்தது.

ஆறு மணி. பழைய பேருந்து நிலையம்.
மருந்துக்கடை ஓரம் பாண்டிமீனாவின் அடுப்பு.
தராசு இல்லை, படிக்கல் இல்லை,
ஆகவே அவள் மேல் எனக்கு அதிகாரம் இல்லை.
ஏழு குழிச் சட்டி.
தட்டுக்கு ஆறு காரப் பணியாரம், இருபது ரூபாய்,
வரமிளகாய்த் துவையல் கேட்கிற அளவு.

"ஏழாவது?"
"அது சட்டிக்கு."
சொல்லிக்கொண்டே நடுக்குழியில் கம்பியைக் குத்தித் திருப்பி எடுத்து
ஜன்னலில் சாய்ந்திருந்த கண்டக்டர் கையில் வைத்தாள்.
அவர் கேட்கவுமில்லை, நன்றி சொல்லவுமில்லை,
உள்ளங்கை மாற்றி மாற்றி ஊதினார்.
அடுத்த ஈட்டில் அது
ஒரு டியூஷன் பையனுக்குப் போனது.
மூன்றாம் ஈடு எனக்கு.
ஆறுக்குக் காசு கொடுத்தேன்.
தட்டில் எண்ணினேன், தொழில் புத்தி.
ஏழு.

"கூட இருக்கே" என்று இரண்டாம் முறையாக
இன்று ஒருவரிடம் சொன்னேன்.
"காலையிலேர்ந்து சாப்பிடல போல" என்றாள்,
முகத்தைப் பார்க்காமல், மாவைக் கலக்கியபடி.

மேலே முறுமுறு, உள்ளே சின்ன வெங்காயம்,
நாக்கு வெந்துவிட்டது.
எது நான் வாங்கியது, எது வாங்காதது என்று
பிரித்துவைக்க முடியாதபடி
எல்லாம் ஒரே அளவில் இருந்தன.
யோசித்துக்கொண்டிருந்ததில்
மதுரை வண்டி கிளம்பிப் போய்விட்டது.
அடுத்தது ஏழரைக்கு.

"இன்னொரு தட்டு" என்றேன்.